நூல் சுற்றாத சக்கரம்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதேபோல இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறக்கிறேன். உன் இருமல் நின்றதா? போனில் கேட்டால் "அதெல்லாம் போயிடுச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே இருமுகிறாய். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, நீ சொல்லிக்கொடுத்த பயிற்சியை டீவி பார்த்துக்கொண்டே செய்கிறார், விளம்பரம் வந்தால் மட்டும் நிறுத்திவிடுகிறார், அது என்ன கணக்கோ தெரியவில்லை. நடந்ததை எல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ பாதியில் குறுக்கே புகுந்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் பட்டறையில் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி வேறு வேலைக்குப் போனதும், தள்ளுவண்டிச் சக்கரங்களை எங்களிடம் மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த மரச்சாமான் கம்பெனி மூடியதும் ஒரே மாதத்தில் நடந்தது உனக்குத் தெரியும். பதினான்கு பேருக்கும் வாரத்தில் நான்கு நாள்தான் வேலை என்று ஆகிவிட்டது. அப்போதுதான் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பதினாறு வருஷமா வாடிக்கையாளர் புகாரெல்லாம் நீங்கதானே கேக்குறீங்க, இனிமே விக்கவும் நீங்களே போங்கம்மா" என்றார். புகார் சொல்கிறவர்கள் தாங்களாக வருவார்கள், விற்பதற்கு நாமல்லவா போய் நிற்க வேண்டும்? பெரிய கம்பெனி வாசலில் பையும் கையுமாகக் காத்திருப்பது யாரிடமோ கையேந்துவது போல என்று எனக்கு மனசுக்குள் ஒரு எண்ணம். அப்பா சாப்பாட்டு மேஜையில் பர்ச்சேஸ் மேனேஜராக உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார். நான் வணக்கம் சொன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு "விலை என்ன? குறைக்க முடியுமா?" என்று இதையே திருப்பித் திருப்பிக் கேட்பார். ஒருநாள் பொறுமை போய், "முடியாது, எழுந்து தட்டைக் கழுவுங்க" என்றுவிட்டேன்.

முதலில் போனது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்துக்கு. நூற்றிருபது தள்ளுவண்டி ஓடுகிற இடம். எவ்வளவு எடை தாங்கும், என்ன பேரிங், எத்தனை அளவு என்று மனப்பாடம் பண்ணியதை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். மேனேஜர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், "கேட்லாக்கை வச்சிட்டுப் போங்க, பார்த்துச் சொல்றோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "நோயாளி வந்து உக்காந்ததும் நான் என் படிப்பைப் பத்தியாம்மா பேசுறேன்? எங்க வலிக்குதுன்னு கேப்பேன். நீயும் பட்டறையில அதைத்தானே பண்றே, புகார் வர்றதுக்கு முன்னாடியே போய்க் கேளேன்" என்றாய்.

மறுவாரம் அதே மேனேஜரிடம் போய், "சார், இன்னைக்கு எதையும் விக்க வரலை, உங்க வண்டிங்க ஓடுறதைப் பத்து நிமிஷம் பாக்கணும், அவ்வளவுதான்" என்றேன். ஆச்சரியப்பட்டு அவரே உள்ளே கூட்டிப்போனார். ஒரே நீராவி, தரையெல்லாம் ஈரம். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் வண்டியை உடம்பைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு வந்தாள், அங்கே எல்லாருக்கும் அவள் 'எஞ்சின் அக்கா'. "இது எப்பவும் இப்படி ஒரு பக்கமாவே இழுக்குமா?" என்று கேட்டேன், அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டாள். விரிப்பிலிருந்து பிரிகிற நூல் சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொள்ளுமாம், தினமும் பிளேடு வைத்து அறுத்து எடுப்பாளாம், தோள்பட்டையைத் தூக்கவே முடியவில்லையாம். நடுவில் எனக்கு நாலைந்து பதில் வாய்வரை வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். உன்னைப் பெற்றவளுக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று யோசித்துப் பார். மேனேஜர், "இதை ஏன் எங்கிட்ட யாருமே சொல்லலை?" என்றார். "யாருமே கேக்கலையே சார்" என்றாள் அவள். உடனே அவர் என் பக்கம் திரும்பி, "உங்க சக்கரத்துல இந்தத் தொல்லை வராதா?" என்று கேட்டார். வராது என்று சொல்லிவிடத்தான் ஆசை. பதினான்கு பேர் முகமும் கண்முன் வந்தது. ஆனால் இதே அக்கா மறுபடி பிளேடோடு குனிவாளே! "வரும் சார், இப்ப இருக்கறதுல வரும். அச்சுக்கு மூடி போட்டுப் புதுசா செஞ்சு தர்றேன், ஒரு வண்டிக்கு மட்டும் மாட்டிப் பாருங்க, சரியில்லன்னா நானே வந்து கழட்டிக்கிறேன்" என்றேன். அவர் என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, அளவு எழுதிக்கலாம்" என்றார்.

பட்டறையில் லேத்காரர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார், முதல் மூடி உரசிக் கீச்சிட்டது, மூன்றாவதுதான் சரியாக வந்தது. மாட்டிப் பதினைந்து நாள் கழித்துப் பார்க்கப் போனேன். எஞ்சின் அக்கா ஒரு கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு, ஈரத்துணி நிறைந்த வண்டியை இன்னொரு கையால் தள்ளி என்னைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துக் காட்டினாள், ஒரு சொட்டு டீ சிந்தவில்லை! மேனேஜர் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்று தெரிந்தது. நூற்றிருபது வண்டிக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார். பட்டறையில் சொன்னதும் லேத்காரர் விசிலடித்தார், இப்போது எல்லாருக்கும் பழையபடி ஆறு நாள் வேலை. அப்பா மட்டும், தான் கொடுத்த பயிற்சியால்தான் இத்தனையும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். செவ்வாய்க்கிழமை ஒரு ரொட்டித் தொழிற்சாலைக்குப் போகிறேன். அடுப்புப் பக்கம் ஓடுகிற வண்டிக்கு என்ன கோளாறு வருமோ, போய்க் கேட்க ஆசையாக இருக்கிறது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக, நினைத்ததெல்லாம் கைகூடி வாழ அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும், தள்ளிப்போடாதே. இந்த உறையை உதறிப் பார், உள்ளே ஒரு சின்ன அட்டை இருக்கும். முதலாளி எனக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்திருக்கிறார். ஐம்பத்து மூன்று வயதில் என் பெயர் போட்ட முதல் அட்டை. கார்டுக் கட்டைப் பிரித்ததும் மேலே இருந்ததை யாருக்கும் கொடுக்காமல் உனக்கென்று எடுத்து வைத்தேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா