மூடியோடு கிடைத்த ஜாடி

இன்று காலை இராஜபாளையம் பழைய சாமான் கடைக்காரர் போனில் அழைத்தார். "யக்கா, வெள்ளைக்காரன் தேயிலை ஜாடி ஒண்ணு வந்திருக்கு. மூடியோட இருக்கு." மூடி என்றதும் உன் எண்ணைத் தேடினேன். விரல் உன் பெயரில் நின்றபோதுதான் நீ இல்லை என்பது உறைத்தது. மில் வாசலில் மயங்கி விழுந்தாயாம், ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டதாம். 

நம் பைத்தியம் யாருக்குப் புரிந்தது? இங்கிலாந்தில் சுட்ட மண் ஜாடிகள், துரைமார் வீடுகளில் தேயிலை வைத்திருந்தவை. மலை பங்களாக்களைக் காலி செய்யும்போது வரும். பெரும்பாலும் மூடி இருக்காது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி வருவதற்குள், நீ பேண்டேஜ் மில் வேலை முடிந்த கையோடு கடையில் உட்கார்ந்து, நகத்தால் சுண்டிக் கீறல் பார்த்துக்கொண்டிருப்பாய். மூடியோடு கிடைத்தது உன் நீலப்பூ ஜாடி ஒன்றுதான். அதில் ஒரு சிட்டிகை டீத்தூள் போட விட்டாயா? "ஏட்டி, தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்று என்னையே விரட்டினாய்.

அன்று மயானத்துக்குக் கிளம்பும்போது, அஸ்திக்கு மண் கலயம் எங்கே என்று யாரோ கேட்டார்கள். உன் வீட்டுக்காரர் நேரே அலமாரியைத் திறந்து நீலப்பூ ஜாடியை எடுத்தார். "ஐயோ, அது வேண்டாம்!" என்று அலறிவிட்டேன். அதுவரை எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உனக்காக அழுகிறேன் என்று பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் அலறியது ஜாடிக்காக! அஸ்தியோடு கடலில் விட்டுவிடுவார்களே! நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அவர் மட்டும் திரும்பிப் பார்த்தார். "இதுவும் மண்ணுதானே, யக்கா? இத விட்டா அவளுக்கு வேற என்ன பிடிக்கும்? வேண்டாம்னா சொல்லுங்க, வச்சிருதேன்."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜாடி பிழைத்திருக்கும். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன். "கொண்டு போங்க, அண்ணாச்சி" என்றேன்.

எரிவாயு மயானம் என்பதால் அன்றைக்கே அஸ்தியைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்று அவர் தெருமுனையிலேயே நின்றார். மூடியைச் சுற்றிக் கட்ட, நீ வைத்திருந்த பேண்டேஜ் துணியை எடுத்துப் போனேன். ஜாடியைக் கையில் வாங்கியதும் திடுக்கிட்டேன். சுட்டது. முந்தின நாள்தான், ஜாடி தேடிப் போய்த் திரும்பிய பஸ்ஸில், என் தோளில் சாய்ந்து தூங்கினாய்.

"கொஞ்சம் சீக்கிரம் கட்டுங்க, யக்கா" என்றார். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

ஜாடி இராமேஸ்வரம் கடலுக்குப் போய்விட்டது. உன் சூடு மட்டும் என் உள்ளங்கையை விட்டு இன்னும் போகவில்லை.