ரப்பருக்குத் தப்பியவை

க்ராடக்
ஆகஸ்ட் 4, 2023

அன்புள்ள சிசி பபல்வா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பத்தரைக்குத்தான் மின்சாரம் வந்தது. டேப்லெட்டைச் சார்ஜில் போட்டுவிட்டு அதற்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறேன். கூடப்பிறந்த அக்காவைக்கூட நான் இத்தனை தடவை 'சிசி' என்று கூப்பிட்டதில்லை. முடிவெடுக்கத் தெரியாதபோதெல்லாம் உங்கள் நினைவுதான் வருகிறது.

லுலமாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைத்து ஆறு மாதமாகிறது. அவள் திக்கிப் பேசுவதை வீட்டில் யாரும் நடித்துக் காட்டுவதில்லை. எனக்கு அது போதும். ஆனால் டிசம்பரில் மதிப்பீட்டாளர் வருவார். மூன்றாம் வகுப்பு தேறாவிட்டால் ஜனவரியில் பழைய பள்ளிக்கே அனுப்புவேன் என்று அவள் அப்பா மொந்தே சொல்லிவிட்டார்.

இணையப் பாடத்தொகுப்பு மலிவு. ஆனால் மின்சாரம் போனால் பாடமும் போகிறது. இருக்கும்போதும் அவள் நான்கு விடைகளையும் வரிசையாகத் தட்டுகிறாள். ஏதாவது ஒன்றில் நட்சத்திரம் கொட்டிவிடுகிறது. அச்சிட்ட புத்தகங்கள் நான்கு மடங்கு விலை. தொகுப்பைக் கடையில் கொடுத்து அச்சடிக்கலாமென்றால் அது இன்னும் கூடுதல். "போன்லயே எல்லாம் கெடக்கு. எதுக்குக் காகிதத்துல கொண்டுபோய்க் கொட்டணும்?" என்கிறார் மொந்தே.

உங்கள் கயாவின் மூன்றாம் வகுப்புப் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றனவா?

உங்கள்
நோலிதா

&nbsp;

கோமானி
ஆகஸ்ட் 12

நோலிதா கண்ணே,

பெட்டியை வேன்காரரிடம் கொடுத்திருக்கிறேன். உள்ளே ரொட்டியும் உண்டு. வந்து சேராவிட்டால் அவர் வயிற்றைக் கேள்.

இணையமா அச்சா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. புத்தகம் மின்சாரம் கேட்காது. வீட்டில் படிக்கவைக்கும் நம் கூட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும்: பேனா கூடாது, பென்சில்தான். வருஷக் கடைசியில் அழித்து அடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டும். கயாவே மூன்று நாள் உட்கார்ந்து அழித்தான். "எழுதினதைவிட அழிக்கிறதுதாம்மா கை வலிக்குது" என்றான். டிசம்பரில் நீயும் அழித்து அனுப்பு; ஸ்டெர்க்ஸ்ப்ரைட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள்.

பதினைந்தாம் பாடம், அந்த ஏழாம் எட்டாம் வாய்ப்பாடு, பிள்ளைகளைப் படுத்தும் என்பார்கள். கயா ஒரே வாரத்தில் தாண்டிவிட்டான். இந்த வருஷம் விடுதிப் பள்ளியில் இருக்கிறான். அவனாகத்தான் கேட்டான்.

அன்புடன்
பபல்வா

&nbsp;

க்ராடக்
செப்டம்பர் 23

அன்புள்ள சிசி,

ரொட்டி வந்தது, ஒரு மூலை குறைவாக.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? லுலமா ஒரே நாளில் இரண்டு பாடம் முடிக்கிறாள். அங்கொன்றும் இங்கொன்றும்தான் தப்பு. அது இருக்கத்தானே செய்யும்? இணையத் தொகுப்பை நிறுத்திவிட்டேன். மொந்தே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். அவர் பேசாமல் போவது எனக்குப் பட்டம் வாங்கியது மாதிரி.

ஒரே குறை, என்னைப் பக்கத்தில் உட்கார விடமாட்டேன் என்கிறாள். "நீ போய் வேலையப் பாரும்மா" என்று புத்தகத்தோடு ஜன்னலுக்குப் போய்விடுகிறாள். எனக்கும் சமையல் முடிகிறது என்று விட்டுவிட்டேன்.

நோலிதா

&nbsp;

க்ராடக்
அக்டோபர் 29

சிசி,

நேற்று வெறும் தாளில் இருபது கணக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்று சரி.

அதட்டினேன். அவளுக்கு வாய் திக்கிக்கொண்டது. என்னை ஜன்னலுக்கு இழுத்துப்போய்ப் புத்தகத்தை வெளிச்சத்தில் சாய்த்தாள். "இ-இப்படிப் பாரும்மா. கயா அண்ணன் எழுதினது தெரியும்."

தெரிந்தது. பென்சில் அழிந்திருக்கிறது, அழுத்திய தடம் அப்படியே இருக்கிறது. அவள் போட்ட தப்புகள்கூடக் கயாவுடையவை.

அனுப்புமுன் ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்திருக்கக் கூடாதா? உங்களுக்கென்ன, உங்கள் பிள்ளை தாண்டிவிட்டான். என் பிள்ளைக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது.

நோலிதா

&nbsp;

க்ராடக்
டிசம்பர் 9

அன்புள்ள சிசி பபல்வா,

என் கடைசிக் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. அப்படி எழுதினவளுக்கு யார் போடுவார்கள்? இரண்டு மாதம் அவள் பக்கத்தில் உட்காராதது நான். பழியை ரப்பர் மேல் போட்டேன்.

அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தேன். கணக்கைப் புத்தகத்தைப் பார்த்து நான் சொல்வேன். அவள் கொல்லைக் கதவில் சாக்பீஸால் எழுதுவாள். கதவு முழுக்க ஏழாம் வாய்ப்பாடு. "திருடன் வந்தாக்கூடக் கணக்குப் போட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்கிறார் மொந்தே.

ஆனாலும் ஏழெட்டு எத்தனை என்பது மட்டும் வரவே இல்லை. ஒருநாள் அழுகையோடு பதினைந்தாம் பாடத்தை ஜன்னலில் சாய்த்தாள். இந்தத் தடவை நானும் பக்கத்தில் இருந்தேன். அந்த ஒரு கட்டத்தில் ஐம்பத்துநான்கு, அதன்மேல் ஐம்பத்தெட்டு, அதன்மேல் வேறென்னவோ. அழித்து அழித்துத் தாள் தேய்ந்து, பின்னால் பிடித்த விரல் தெரிகிறது. ஓரத்தில் ஒரு துளி விழுந்து காய்ந்த சுருக்கம்.

"அம்மா, அண்ணனுக்கும் இது வரல," என்றாள். அதற்குப் பிறகு அழவில்லை. மறுநாள் அவளாகவே கதவில் ஐம்பத்தாறு என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை மதிப்பீட்டாளர் வந்தார். ஏழெட்டில் அவள் வாய் நின்றது, அவர் காத்திருந்தார். வந்தது. கணக்கில் இன்னும் பழக வேண்டும், நான்காம் வகுப்புக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். மொந்தே அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, ஜனவரியில எங்கயும் போக வேணாம்" என்றார்.

சிசி, அந்தப் பக்கத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. கயா ஒரே வாரத்தில் தாண்டினான் என்று நீங்கள் எழுதியது ஏன் என்றும் கேட்கப்போவதில்லை. செப்டம்பரில் நானும்தான் இரண்டு பாடம், இரண்டு பாடம் என்று உங்களுக்கு எழுதினேன்.

கயா விடுமுறைக்கு வந்திருப்பான். லுலமா அவனைப் பார்க்க வேண்டும் என்கிறாள். விடுதி அவனுக்குப் பிடித்திருக்கிறதா? உண்மையாகவே கேட்கிறேன்.

ஸ்டெர்க்ஸ்ப்ரைட் அம்மாவுக்காகப் பெட்டி கட்டிவிட்டேன். மற்றதெல்லாம் அழித்தாயிற்று. பதினைந்தாம் பாடத்தில் கைவைக்க மனம் வரவில்லை. அப்படியே அனுப்பலாமா? அது உங்கள் பிள்ளையின் பக்கம், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை வேன் புறப்படுகிறது. அதற்குள் பதில் எழுதுங்கள்.

உங்கள்
நோலிதா