நான்காம் பிரிவு

செவ்வாய்க்கிழமை.

என் நாவலுக்கான ஒப்பந்தம் இன்று காலை பதிப்பகத்திலிருந்து வந்தது. ஆறு வருட எழுத்தை ஏற்றுக்கொண்டார்களே என்று, தேயிலை ஃபேக்டரியின் எடைச் சீட்டில் போடுவதைப் போலப் படிக்காமலே கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூரியரில் கொடுக்கப் பையில் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஃபேக்டரியில் என் தோட்டத்துத் தேயிலையை எடை போட வரிசையில் நின்றபோது, பக்கத்துத் தோட்டத்து மணியிடம் சொன்னேன். படிச்சுக் காட்டுங்க என்றார். படித்தேன். நான்காம் பிரிவு: நாவலின் உரிமை முழுவதும், எக்காலத்துக்கும் பதிப்பகத்துக்கே.

"ஏனுங்க, அவங்க இலையக் கேக்கறாங்களா, இல்ல செடியவே கேக்கறாங்களா?"

"செடியத்தானுங்க" என்றேன்.

என் முறை வந்தது. மூட்டையைத் தராசில் வைத்தேன்.

கூரியர் கடையைத் தாண்டித்தான் திரும்பி வந்தேன். ஒப்பந்தம் பையிலேயே இருக்கிறது.

குன்னூரில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் போன மாதமே சொன்னார்: "நீங்களே போட்டுருங்க, நான் அச்சடிச்சுத் தர்றேன்." புத்தகக் கட்டைக் கடை கடையாக யார் சுமப்பது என்று அப்போது சிரித்தேன்.

இன்று ஃபேக்டரி வரை நாற்பது கிலோ இலையைத் தலையில் வைத்துத்தான் நடந்தேன்.