காவலுக்கு ஒன்றுமில்லாத பரண்

18 ஜனவரி 2009, ஞாயிறு

இந்த டைரி உரக்கடைக்காரர் கொடுத்தது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், என் பெண்சாதி செங்கம்மா எழுதுகிறாள். அவள் நாகலாபுரம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை தமிழ் படித்தவள். அதனால் வந்த கர்வம் கொஞ்சம் உண்டு. (இல்லை. - செ.) நான் ‘துன்னேன்’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்று எழுதுகிறாள். கேட்டால், “நோட்டுல போறது நல்லா இருக்கட்டும்யா, நாளைக்கு நாலு பேரு படிப்பாங்கோ” என்கிறாள். யார் அந்த நாலு பேர் என்று இதுவரை சொல்லவில்லை.

இன்று கோபி பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். எங்கள் ஒரே பிள்ளை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பன்னிரண்டாம் மாடியில் வீடு வாங்கியிருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே வந்துவிட வேண்டுமாம். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாளாம். மருமகள் யமுனா மறுபடியும் வேலைக்குப் போக வேண்டுமாம்.

செங்கம்மாவுக்குப் போக ஆசை. ஆனால் உயரம் ஆகாது. பெயர் வைக்கும் விசேஷத்துக்கு அவள் மட்டும் தம்பியோடு போனாள். நான் வேர்க்கடலைக்குக் காவல் இருந்தேன். போனவள் ஜன்னல் வழியாக ஒரு தடவை கீழே பார்த்தாள், அவ்வளவுதான். திரும்பி பஸ் ஏறும் வரை அந்த வீட்டில் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்திருக்கிறாள். பேத்தி தவழக் கற்றுக்கொண்டது இவளைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

எனக்குப் போக இஷ்டமில்லை. அங்கே நான் எதைக் காப்பது? ஆனால் பிள்ளையிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அதனால் ஒவ்வொரு தடவையும், “உங்க அம்மாவுக்கு ஒசரம் ஆவாதுடா” என்று சொல்லிவிடுவேன். நல்ல காரணம். இத்தனை நாள் தாங்கியது.

இன்று அவன், “நைனா, அம்மாவுக்கு பயம் போய்ட்டா வருவீங்களா?” என்று கேட்டான்.

“போனா வரேன்” என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

உடனே சொல்கிறான், சூளூர்பேட்டை தாண்டி ஏரியும் கடலும் சேர்கிற ஊரில் மரத்து மேல் ரூம் போட்டிருக்கிறானாம். ஒரு வாரம். அம்மா அதில் இருந்து பழகினால் மாடி ஒன்றுமே இல்லையாம்.

“மரத்து மேலயா? பரணா?”

“பரண் மாதிரிதான் நைனா. பாத்ரூம் இருக்கும்.”

சிறு வயதிலிருந்து கம்பங்கொல்லை, சோளக்கொல்லை, மாந்தோப்பு என்று அடுத்தவர் நிலத்துக்குப் பரண் மேல் காவல் இருந்தவன் நான். சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வந்த பிறகும் பரணில்தான் படுத்தேன். பரணில் உட்கார்ந்தால் எனக்குத்தான் கூலி கொடுப்பார்கள். இப்போது பிள்ளை கூலி கொடுத்து உட்கார வைக்கிறான். நாடு எங்கேயோ போய்விட்டது.

இவள் ஏற மாட்டாள். அது நிச்சயம். அதனால் போகச் சம்மதித்தேன். (நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டார். - செ.)

20 ஜனவரி, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். பெரிய புங்கமரம். மேலே ஓலை வேய்ந்த ரூம். ஏணி நன்றாகப் போட்டிருக்கிறார்கள், பிடி கூட உண்டு. எதிரே ஏரி, அதற்கு அப்பால் கடல் சத்தம்.

செங்கம்மா ஏணியில் மூன்று படி ஏறினாள். நின்றாள். முட்டி வலி என்று இறங்கிவிட்டாள். முட்டி வலி காரணமில்லை. (காரணம்தான். - செ.) சமையல்கட்டுப் பக்கம் ஒரு அறையில், சமைக்கிற மணியம்மாவோடு படுத்துக்கொள்கிறாளாம்.

மேனேஜர் பவன்குமார், சின்னப் பையன், வாயைத் திறந்தால் பாதி தெலுங்கு. அவனிடம், “இங்க இன்னா வேலைப்பா?” என்று கேட்டேன்.

“ஏமி பணி லேது தாத்தா. சும்மா உக்காருங்க.”

“எதுக்குக் காவல்?”

“காவல் இல்ல தாத்தா. பட்சிங்க வரும். பாக்கலாம்.”

“வந்தா?”

“பாக்கலாம்.”

“பாத்துட்டு?”

“மறுபடி பாக்கலாம்” என்றான்.

இப்போது நான் மேலே இருக்கிறேன். இவள் கீழே பிரம்பு நாற்காலி போட்டு எழுதுகிறாள். நான் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாடு கூடையில் கயிறு கட்டி மேலே வருகிறது. மீன் குழம்பு. நல்ல துன்ற மீன். (நல்ல உண்ணத்தக்க மீன். - செ.)

21 ஜனவரி, புதன்

ஒரு தப்பு நடந்துவிட்டது.

விடியற்காலை கண் விழித்தேன். வானம் வெளுக்கிற நேரம். ஏரிப் பக்கம் பார்த்தால் கூட்டம் கூட்டமாகப் பறவை இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்ததில் அவ்வளவு கூட்டம் கிடையாது. சிவப்புக் கம்பளிப்புழு வந்து ஊர் முழுக்கக் கடலையைத் தின்ற வருசம், அதாவது எங்களுக்குக் கல்யாணமான வருசம், அப்போது கூட என் கொல்லையில் அவ்வளவு இறங்கவில்லை.

நான் யோசிக்கவே இல்லை. எவர்சில்வர் தட்டை எடுத்தேன், டம்ளரால் அடித்தேன், தொண்டையைத் திறந்து “ஹோய்... ஓஓ... ஹோய்” என்று விட்டேன். ஒரே நொடியில் ஏரி காலி. சுத்தமான வேலை. எனக்கே திருப்தியாக இருந்தது.

அப்புறம்தான் கீழே ஓலைத்தட்டி மறைவிலிருந்து ஆட்கள் எழுந்திருப்பது தெரிந்தது. சென்னையிலிருந்து வந்தவர்கள். இருட்டிலேயே வந்து பீரங்கி மாதிரி கேமராவை வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் குந்தியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவி சுலோசனா என்று ஒரு அம்மா. பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர்.

“பெரியவரே” என்று கூப்பிட்டார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. “அது பூநாரை. அவ்வளவு கிட்ட வர்றதுக்கு நாங்க ரெண்டு வருஷமா இங்க வந்துண்டிருக்கோம்.”

“கவலப்படாதீங்கம்மா” என்றேன். “இன்னொரு தபா வராது.”

அவர் அழுதார் என்று மணியம்மா சொன்னாளாம்.

பவன்குமார் ஏணியடியில் வந்து கையெடுத்துக் கும்பிட்டான். “தாத்தா, தயவுசெய்து அரவொத்து.” கத்தக் கூடாதாம். சரி என்றேன். நானும் மனுசன்தானே.

22 ஜனவரி, வியாழன்

காலையில் வயிறு சரியில்லை, இரண்டு நாளாக வெளியே போகவில்லை என்று டைரியில் எழுதச் சொன்னேன். சற்று நேரத்தில் கூடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. மத்தியானம் ஏரிப் பக்கம் போன சுலோசனா அம்மா நின்று, “பெரியவரே, வெந்நீர் குடிங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

செங்கம்மாவைக் கேட்டேன். “நீ கத்துற கத்துக்கு, நான் எதுக்கு எழுதணும்? இந்த ஊரே மனப்பாடமா சொல்லும்” என்றாள்.

இன்று விடியற்காலை? ஆமாம். மறுபடியும் நடந்தது. தட்டு இல்லை, அதை நேற்றே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாய் மட்டும்தான். தூக்கத்திலேயே வந்துவிட்டது. நான் விழித்ததே என் சத்தத்தைக் கேட்டுத்தான்.

23 ஜனவரி, வெள்ளி

வாயில் துண்டு கட்டிக்கொண்டு படுத்தேன். துண்டை அவிழ்த்துவிட்டுக் கத்தியிருக்கிறேன். அவிழ்த்தது நினைவில்லை.

பவன்குமார் இன்று கும்பிடவில்லை. நாளைக்கும் இப்படி என்றால் ரூமைக் காலி செய்ய வேண்டும், கோபி சாருக்குப் போன் செய்து சொல்லத்தான் வேண்டும் என்றான். தெலுங்கில் சொன்னான். கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் போய்விடுகிறது.

எனக்கு உள்ளுக்குள் வருத்தமில்லை. காலி செய்தால் காலி செய்தது. வீட்டுக்குப் போவோம். இவள் இன்றும் மூன்று படிதான் ஏறினாள். நாலாவதில் கால் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டாள். கோபிக்குச் சொல்ல வேண்டியதுதான், “பாத்தோம்டா, ஆவல” என்று.

ஆனால் ஒன்று. இங்கே மேலே பேச ஆள் இல்லை. கொல்லையில் இருக்கும்போது இது எனக்குத் தெரிந்ததே இல்லை. அங்கே பன்றி வரும், அதைத் திட்டலாம்.

செங்கம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். “புள்ளைக்கு போன் பண்ணி, உங்க நைனா கொக்கு ஓட்டுறாருன்னு சொன்னா, மருமவ இன்னா நெனப்பா?”

“இன்னா நெனப்பா? வேலைக்காரன்னு நெனப்பா.”

“தூ.”

இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

24 ஜனவரி, சனி

எழுத்து கோணலாக இருக்கிறதாம். அதற்குக் காரணம் உண்டு. அவள் மேலே இருந்து எழுதுகிறாள்.

நடந்ததைச் சொல்கிறேன். விடிய இன்னும் நேரம் இருந்தது. எனக்கு அரைத்தூக்கம். தூரத்தில் இறக்கைச் சத்தம் கேட்டது. மார்பு தானாக மூச்சை இழுத்து நிரப்பிக்கொண்டது. வாயைத் திறந்தேன். ஒரு கை வந்து கப்பென்று மூடியது. வெங்காய வாசனை. பேய் என்றால் வெங்காய வாசனை வராது என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

“கத்துன, கடிச்சி வச்சிருவேன்” என்றது அந்தக் கை.

செங்கம்மா. இருட்டில் ஏணி ஏறி வந்திருக்கிறாள். இருட்டில் கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியாதே, அதனால் ஏற முடிந்ததாம். பிள்ளைக்குப் போன் போகக் கூடாது என்ற ஒரே ரோசம். உட்கார்ந்துவிட்டாள், ஆனால் கண் இறுக்க மூடியிருக்கிறது. ஒரு கை என் வாயில், ஒரு கை தூணில்.

பறவை இறங்கியது. வந்துகொண்டே இருந்தது. வெளிச்சம் வர வர, தண்ணீர் முழுக்கச் செங்கால் தெரிந்தது. நான் அவள் கைக்குள்ளிருந்தே, “கண்ணத் தொறமே” என்றேன்.

“நீ மொதல்ல வாய மூடு.”

“மூடிக்கினுதான் கீது.”

திறந்தாள். முதலில் தூணைப் பார்த்தாள். அப்புறம் என்னை. அப்புறம் மெதுவாக ஏரியை. கையை எடுக்கவில்லை, மறந்துவிட்டாள். வெயில் வந்து, கீழே சுலோசனா அம்மாவின் ஆட்கள் கேமராவில் டிக் டிக் என்று எடுத்து முடித்து, பறவை எல்லாம் தானாகக் கிளம்பிப் போகும் வரை என் வாய் அவள் கையில்தான் இருந்தது.

அப்புறம் சொன்னாள். “இத்தினி வருசமா இதத்தான் தனியா பாத்துக்கினு கெடந்தியா?”

நான் அதைப் பார்த்ததே இல்லை. வருவதற்குள் ஓட்டிவிடுவேனே. ஆனால் அதைச் சொல்லத் தோன்றவில்லை. வாய் வலித்தது.

கீழே இருந்து மணியம்மா, “அக்கா, எறங்க முடியுமா, ஆள் வரட்டுமா?” என்று கேட்டாள்.

“ஏன் எறங்கணும்?” என்றாள் இவள். “கூடையில ரெண்டு பேருக்கா இட்லி அனுப்பு.”

25 ஜனவரி, ஞாயிறு

இறங்கவே இல்லை. இரண்டு பேரும் மேலேதான். காற்று அடித்து மரம் ஆடியபோது, “நல்லா ஆட்டுதுய்யா, தூளி மாதிரி” என்றாள். மூன்று படி ஏறி முட்டி வலித்தவள் சொல்கிற பேச்சா இது? (இப்போது வலிக்கவில்லை. - செ.)

இன்று காலை நான் கத்தவில்லை. வாயில் கை இல்லாமலே கத்தவில்லை. இதற்கு அவள் காரணம் என்கிறாள். இருக்கலாம். பக்கத்தில் ஒருத்தி குறட்டை விட்டால் மனுசனுக்கு ஹோய் வருமா?

சாயந்திரம் அவளே கோபிக்குப் போன் போட்டாள். நான் சாடை காட்டினேன், வேண்டாம் என்று. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

“டேய், நான் மேலதான் கீறேன். ஆமாண்டா, மரத்துமேல. உங்க நைனா கிட்ட குடுக்கறேன், இன்னா சொல்றாருன்னு கேளு.”

போனை என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் பிள்ளை சிரிக்கிறான். பின்னால் பேத்தி ஏதோ கத்துகிறது. நல்ல தொண்டை.

“இன்னா நைனா?”

இத்தனை நாளாகக் கைகொடுத்த காரணம் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது. வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

“வரேண்டா” என்றேன்.

8 மார்ச், ஞாயிறு, பெங்களூர்

கொல்லையைக் குத்தகைக்கு விட்டாயிற்று. வந்து பத்து நாள் இருக்கும்.

செங்கம்மா பால்கனியில் நாற்காலி போட்டு எழுதுகிறாள். மடியில் பேத்தி. அங்கிருந்தபடியே எதிர்வீட்டு அம்மாவோடு கன்னடமா தெலுங்கா தெரியாத ஒரு பாஷையில் புடவைக் கதை பேசுகிறாள். நான் ஹாலில் இருக்கிறேன். இங்கிருந்து கத்திச் சொல்கிறேன்.

எனக்கு உயரம் பயம் என்று யமுனா நினைக்கிறாள். கிடையாது. மரம் என்றால் காற்றுக்கு ஆடும். ஆடுகிற பொருள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். இந்தக் கட்டடம் ஆடவே மாட்டேன் என்கிறது. அதுதான் யோசனை.

வந்த அன்று பால்கனிப் பக்கமாகச் சாமி ரூம் வரை போனேன். முந்தாநாள் டிவி வரை. இன்று சோபா முனை வரை வந்திருக்கிறேன், ஒரு கையால்தான் பிடித்திருக்கிறேன்.

(திரைச்சீலை வரை வந்தார். நான் பார்த்தேன். - செ.)