தீபாவளிக்கு யார் இருப்பீர்கள்?

ஏளா,

புடவை முழுக்க மஞ்சள் ரோமம். இரண்டு தடவை உதறியும் நாய் வாடை போகவில்லை. நீ போன பிறகும் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். கம்பெனியில் துணி பீஸ் மடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. ஆனால் இன்றைக்கு நடந்ததை உனக்கு எழுதியே ஆக வேண்டும்.

போன வாரம் வேலை முடிந்து மண்ணரையில் எங்கள் லைன் வீட்டுக் கதவைத் திறந்தால், எங்கள் ஒற்றை அறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு லேப்ரடார் படுத்திருக்கிறது. என் வீட்டுக்காரருடைய கம்பெனி மேனேஜர் பெங்களூருக்கு மாறிப் போகிறாராம். சும்மா தருகிறார், விலை உயர்ந்த நாய் என்று இவர் கூட்டி வந்துவிட்டார். என் மகள் மலர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் புருனோ. என்னைப் பார்த்து வாலை ஆட்டிய வேகத்தில் தண்ணீர்க் குடம் சரிந்தது.

நீ இருந்திருந்தால் அந்த நாயைப் பார்த்திருக்கவே மாட்டாய். நேராக வீட்டு ஆட்களைத்தான் பார்த்திருப்பாய். நம் லைன் வீடுகளில் போனஸ் வாங்கிய கையோடு குட்டி வாங்க அலைகிறவர்கள், என்ன நாய் வாங்கலாம் என்று உன்னிடம்தானே வருவார்கள். "அது கெடக்குதுங்க. ஊட்டுல எந்நேரம் ஆரு இருப்பீங்க, அதச் சொல்லுங்க" என்பாய். பகல் ஷிப்ட் யார், நைட் ஷிப்ட் யார், ஷிப்மென்ட் நெருங்கினால் யார் சோறு வைப்பது என்று துருவுவாய். எதிர் வீட்டுப் புது ஜோடியைத் தொட்டி மீன் போதும் என்று அனுப்பினாய். வீட்டிலேயே துணிப் பிசிறு வெட்டுகிற கனகத்திடம், பூனை நூலை விழுங்கிவிடும், வேண்டவே வேண்டாம் என்று அடித்துச் சொன்னாய். எல்லாம் முடிந்து கடைசியாக ஒன்று கேட்பாய்: "தீவாளிக்கு ஆரு இருப்பீங்க?" அதில் முக்கால்வாசிப் பேர் திணறிப்போவார்கள். கம்பெனி மூடிய மறுநிமிடம் எங்கள் தெற்கத்திச் சனம் மொத்தமும் பஸ் ஏறிவிடுமே.

அந்தக் கேள்வி உனக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு தீபாவளிக்கு எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் போய்த் திரும்பினேன். மூன்றாம் வீட்டு நாய் உன் வாசலில் சுருண்டு கிடந்தது. அண்டா நிறையச் சோறும் வாளி நிறையத் தண்ணீரும் வைத்து, பின்கட்டு ஜன்னலில் கட்டிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை. சோறு இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். சோறு மறுநாளே ஊசிப்போய்விட்டது. நீயும் உன் வீட்டுக்காரரும் சுவர் ஏறிக் குதித்து அவிழ்த்து வந்தீர்கள். அவர்கள் திரும்பி வந்து நாயைக் கேட்டபோது நீ கத்தவில்லை.

"சோத்துக்காங்க அழுதுச்சு? ஆளக் காணோம்னு அழுதுச்சுங்க."

அவ்வளவுதான் சொன்னாய். நாயைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அது உங்கள் வீட்டிலேயே வயசாகிச் செத்தது.

அதே கேள்விகளை நான் என் வீட்டில் கேட்டேன். இவருக்கு ஷிப்ட் பகலும் ராத்திரியுமாக மாறி வரும். மலருக்குக் காலேஜ். எனக்குச் செக்கிங். குழந்தைத் துணியில் ஒரு ரோமம் ஒட்டியிருந்தாலும் பீஸைத் தூக்கி ஒதுக்குகிறவள், உடம்பெல்லாம் ரோமத்தோடு டேபிளில் போய் நிற்க முடியுமா? தீபாவளிக்கு வழக்கம்போல மூன்று பேரும் கோவில்பட்டிக்குப் போய்விடுவோம். எனக்குக் கல் நெஞ்சு என்று மலர் அழுதாள். சொல்லட்டும். இந்த நாய்க்கு இந்த வீடு சேராது, அதற்காகத் தெருவிலும் விட மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். எந்த வீடு சேரும் என்று யோசித்தேன். உன் வீடுதான் நினைவுக்கு வந்தது.

ஆடியில் உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்ததிலிருந்து அண்ணன், உன் வீட்டுக்காரர், அயர்னிங் வேலைக்குப் போகவில்லை. லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊத்துக்குளிப் பக்கம் அவருடைய பூர்வீக வீட்டுக்கே போய்விட்டார். சுற்றிலும் காலி இடம், நல்ல வேலி. இன்று ஞாயிறு. நானும் மலரும் புருனோவைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

அண்ணன் வாசலிலேயே மறித்தார். "வேண்டாங்க. அவ இருந்தாச் சரி. எனக்கு எதுக்குங்க நாயி?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை. டீக்கடை பன் பொட்டலம் ஒன்று கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதரை இப்படி விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்று உன் மேலும்தான். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"காலையில வீட்டுல யாரு இருப்பா அண்ணே?"

"நாந்தாங்க."

"மத்தியானம்?"

"நாந்தாங்க."

"தீபாவளிக்கு?"

"நான் எங்கீங்க போறேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

கயிற்றை அவர் கையில் திணித்தேன். இதற்கு வேளாவேளைக்குச் சோறு பொங்க வேண்டும், அதிலேயே உங்களுக்கும் ஒரு பிடி சேர்த்துப் பொங்கிக்கொள்ளுங்கள் என்றேன். நாங்கள் கிளம்பும்போது உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அரிசி இருக்கும் டப்பாவைத் தேடுகிறார் போலிருக்கிறது.

லைனில் போனஸ் பேச்சு தொடங்கிவிட்டது. இனிக் குட்டி கேட்டு வருகிறவர்களிடம் உன் கேள்விகளை நான்தான் கேட்கப் போகிறேன். உன்னைப் போல 'ங்க' போட்டு இதமாகக் கேட்க எனக்கு வராது. அதட்டித்தான் கேட்பேன். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.

திரும்பி வரும் வழியெல்லாம் மலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள். மண்ணரை வந்து இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் மாமா வீட்டுக்குப் போனால் என்ன என்றாள். கோவில்பட்டியில் என் மாமியார் ஆடித் தீர்ப்பார். ஆடட்டும். நான் சரி என்று சொல்லிவிட்டேன். உன் வீட்டில் நாங்கள் இருப்போம்.