அடுத்த பேட்டியில்தான் பதில்

ஜூன் 4

அன்புள்ள டைப்பிஸ்டுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. கோட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இன்று காலை டிப்போவில், வண்டிகள் புறப்படும் நேரத்தை நான் எழுதுகிற அறைக்கு ஒரு டிரைவர் வந்து துக்கம் விசாரித்தார். "உங்க ஆளு போயிட்டாராமே? மேடையில மழைக்கோட்டு போட்டுக்கிட்டு கிடார் வாசிப்பாரே, அவருதானே?" அவ்வளவுதான் கேட்டார். நான் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

ரசிகர் மன்றத்தில் அவர் நினைவாகப் புத்தகம் போடுகிறார்கள். சுற்றுப்பயணப் பட்டியல் என்னுடையது, பேட்டிகள் உன்னுடையவை. இருபத்தாறு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கச்சேரி. நாற்பது நிமிடம் சுருதி சேர்த்துவிட்டு, "நன்றி, வர்றேன்" என்று இறங்கிப் போனாரே, அதையும் கச்சேரி என்றே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வரிசையில்தானே நாம் பழக்கமானோம்? நீ வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே கை தட்டினாய்.

கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லாத மனுஷன். வயது என்ன என்றால் "பச்சை" என்பார். போன பேட்டியில் பிடித்த நிறம் கேட்டிருப்பார்கள். இந்தப் பேட்டியின் கேள்விகளையும் அடுத்த பேட்டியின் பதில்களையும் வரிசையாகச் சேர்த்து நீ டைப் அடித்து அனுப்பியிராவிட்டால் எனக்கு ஒரு மண்ணும் புரிந்திருக்காது.

புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு நம் பதிலையே கொடுத்திருக்கிறேன். கூட டிரம் வாசித்த சொந்த அண்ணனோடு ஏன் பேசுவதில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "மூடின கதவைத் தட்டாம இருக்கிறதும் ஒரு மரியாதைதான்." என் அறைச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

இன்னொரு செய்தி. என் அக்காவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம், அவள் வீட்டுக்காரர் வரச்சொல்லி எழுதியிருக்கிறார். நான் போவதாக இல்லை.

உன்,
டிப்போக்காரி


ஜூன் 9

அன்புள்ள டிப்போக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோர்ட்டில் டைப் மெஷின் முன்னால் வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். வக்கீல் குமாஸ்தா, "என்னம்மா, யாராவது ஜாமீன் கேட்டு எழுதியிருக்காங்களா?" என்றார்.

அக்காவைப் போய்ப் பார். கோட்டுக்காரர் ஆயிரம் சொல்லியிருப்பார். கூரைக்குக் கீழே மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நின்றவர் பேச்சைக் கேட்டு நாம் குடை பிடிக்க வேண்டுமா? அவர் மேல் எனக்கும் உயிர்தான், அதற்காக வீட்டு விஷயத்திலா?

முதல் பக்கத்தில் அந்தப் பதில் வேண்டாமே. பச்சையையே போடுவோம், படிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வரட்டும்.

லீவு போடு. தயவுசெய்து போ.

அன்புடன்,
உன் டைப்பிஸ்ட்


ஜூன் 14

டைப்பிஸ்டுக்கு,

உனக்கு என்ன ஆயிற்று? அவர் கண் மூடி ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் அவர் பேச்சு உனக்கு இளப்பமாகிவிட்டதா?

உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அம்மா படுக்கையில் கிடந்த ஐந்து மாதமும் நான் ஒருத்திதான். டிப்போவுக்கும் வீட்டுக்குமாக ஓடி, துணி மாற்றி, மருந்து கொடுத்து. அக்கா எல்லாம் முடிந்த பிறகு வந்தாள். "விருந்தாளி மாதிரி வந்திருக்கே, உக்காரு" என்றேன். அவள் உட்காராமலே போய்விட்டாள். பதினோரு வருடம் ஆகிறது.

இதை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. அது நடந்து ஒரு வருடம் கழித்து எனக்கு மனசு கேட்கவில்லை. நான் பேசினது தப்பு, ஒருமுறை வந்துவிட்டுப் போ என்று நாலு பக்கம் எழுதினேன். தபால்தலை ஒட்டி, வேலைக்குப் போகும்போது போட்டுவிடலாம் என்று பைக்குள் வைத்திருந்தேன். வாசலில் தபால்காரர் உன் உறையைக் கொடுத்தார். நின்றபடியே பிரித்துப் படித்தேன். மூடின கதவு. எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. தட்டக் கூடாது என்று முடிவு செய்து, அக்காவுக்கு எழுதியதை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

அப்படி ஒரு வார்த்தை சொல்ல அவர் ஒருவருக்குத்தான் வரும். அதைத்தான் நீ வேண்டாம் என்கிறாய். என்னால் முடியாது, புத்தகத்திலும் அது இருக்கும்.

டிப்போக்காரி


ஜூன் 16

என் டிப்போக்காரிக்கு,

இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்தாலும் சரி, முதலில் பஸ் ஏறு. மீதியைப் போகிற வழியில் படித்துக்கொள்.

அந்தப் பதிலை அவர் சொல்லவில்லை. நான் எழுதினேன்.

அண்ணனைப் பற்றிக் கேட்டது அந்தப் பேட்டியில் ஐந்தாவது கேள்வி. அடுத்த பேட்டி ரேடியோவில் வந்தபோது நாலாவது பதிலோடு கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்துவிட்டது. நான் அடுப்படியில் பாலை இறக்கிக்கொண்டிருந்தேன். ஓடிவந்து திருப்பிப் போடுவதற்குள் ஆறாவது பதிலில் இருந்தார். ஐந்தாவது எங்கும் இல்லை.

ஒரு கச்சேரிகூட விடாமல் எழுதி வைக்கிறவள் நீ. உன்னிடம் வெற்றிடத்தைக் காட்ட வெட்கப்பட்டேன். இவர் என்ன சொல்லியிருப்பார் என்று அரைமணி நேரம் யோசித்து, அவர் பேசுகிற மாதிரியே ஒரு வரியை அடித்தேன். அடுத்த கடிதத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதற்குள் நீ, அவர் சொன்னதிலேயே இதுதான் உச்சம் என்று எழுதிவிட்டாய். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்.

அவர் அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவருடைய அண்ணன் வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றவர், நான்தான் பேட்டிகளை டைப் அடித்தவள் என்று யாரோ சொல்ல, என்னிடம் வந்தார். "என்னைப் பத்தி எங்கயாவது ஏதாவது சொல்லியிருக்கானாம்மா?" என்று கேட்டார். எழுபது வயது மனிதர். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இப்போது நீ கிழித்த நாலு பக்கமும் சேர்ந்துகொண்டது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. போடி. தட்டு.

உன் டைப்பிஸ்ட்


ஜூலை 7

டைப்பிஸ்டுக்கு,

போனேன். உன் கடிதம் வந்த அன்றே கிளம்பினேன்.

அக்காவுக்குப் பேச்சு போய்விட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நல்ல கை ஒன்றுதான் இருந்தது, அந்தக் கையால் கட்டிலைத் தட்டி உட்காரச் சொன்னாள். ஒன்பது நாள் கூட இருந்தேன். தலை வாரிவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். அம்மாவுக்கு முடியாமல் இருந்தபோது ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது. அவள் வீட்டுக்காரர்தான் தானாகச் சொன்னார். அந்த ஐந்து மாதமும் அவள் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தாளாம். அம்மாவைக் கவனிக்கிற எனக்கு இதுவும் ஒரு பாரமா என்று அவரையும் சொல்ல விடவில்லையாம். போன செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

உன்னைத் திட்டப் பல நாள் வார்த்தை தேடினேன். முழுப் பழியையும் உன் தலையில் போட முடியவில்லை. அந்த வரி எனக்கு வசதியாக இருந்ததால்தான் அவ்வளவு பிடித்தது. ஆனாலும் அன்று காலை தபால்தலை ஒட்டியாகிவிட்டது. அதையும் என்னால் மறக்க முடியவில்லை. ஒன்பது நாள் நீ கொடுத்தது, பத்து வருடம் போனதும் உன்னால்தான். இரண்டும் நிஜம்.

புத்தகத்துக்குப் பட்டியலை அனுப்பிவிட்டேன். அந்தப் பதிலை எடுக்கச் சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. கோட்டுக்காரரின் அண்ணனை ஒருமுறை தேடிப் போய், அந்த இடம் பதிவாகவில்லை என்று உண்மையைச் சொல். தம்பி நல்லதாக ஏதோ சொல்லியிருப்பான் என்று அவராவது நினைத்துக்கொள்ளட்டும்.

இனிமேல் எனக்கு எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. உன் கடிதம் வந்தால் ஒவ்வொரு வரியிலும் இது நடந்ததா, நீ சேர்த்ததா என்று தேடுவேன். உன்னை அப்படிப் படிக்க எனக்கு மனசில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

டிப்போக்காரி