ஊதா மையும் ஒரு கைக்குட்டையும்

வென்னப்புவ
11 நவம்பர் 1998

அன்புள்ள அசுந்தாவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கூரையும் இருக்கிறது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. டிசம்பர் பதினெட்டு காலை விமானம் என்பதைக் குறித்துக்கொண்டேன். “ரெஜினோல்ட் வேனைக் கொண்டுவரட்டும், நீங்கள் சிரமப்பட வேண்டாம்” என்று எழுதியிருக்கிறாய். உன் தம்பியின் வேன் நல்ல வேன்தான். ‘சிரமம்’ என்று நீ குறிப்பிட்டிருப்பது என் பழைய மொரிஸ் மைனர் காரை என்பதும் எனக்குப் புரிகிறது.

போன முறை கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வரும்போது கொச்சிக்கடைப் பாலத்தருகே புகை தாங்காமல் நீ இறங்கி, ஓரத்தில் வாந்தியெடுத்து, ஒரு திரீவீலை நிறுத்தி ஏறிப் போனதை நான் மறக்கவில்லை. “இந்தச் சவ வண்டில இனிமே உயிரோட ஏற மாட்டேன்” என்றாய். உயிர் போனபின் எப்படி என்று நீ சொல்லாததால், பேச்சுவார்த்தைக்கு இடமிருப்பதாக எடுத்துக்கொண்டேன். அன்று அந்தத் திரீவீலுக்குப் பின்னாலேயே வீடு வரை ஓட்டி வந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மாதம் இருக்க வந்தவள் ஐந்தாவது வாரம் இத்தாலிக்குத் திரும்பிப் போய்விட்டாய். புகைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்னால் சரிசெய்யக்கூடிய காரணம் அது ஒன்றுதான்.

ஆகவே எஞ்சினை மாற்றிவிட்டேன். மாற்றியவர் மெக்கானிக் கருணாதிலக பாஸ். தும்மலசூரிய வீதியில் தென்னந்தோட்டத்துக்குள் தகரக் கொட்டகை போட்டிருக்கிறாரே, அவர்தான். பழைய எஞ்சின் பெட்ரோலைவிட எண்ணெயை விரும்பிக் குடித்தது. அதைத் தூக்கிவிட்டு ஒரு ஜப்பான் எஞ்சினை இறக்கினார். இறக்கியது இரண்டே நாள் வேலை. மீதி மூன்று வாரமும் ஒரு முழ நீள இரும்புக்குப் போனது. அதன் பெயர் மேனிபோல்ட். எஞ்சினின் நான்கு வாய்களிலிருந்தும் வரும் புகையை வாங்கி ஒரே குழாயில் சேர்த்துப் பின்னால் அனுப்புவது. அது எஞ்சினோடு சரியாக ஒட்டாவிட்டால் புகை பின்னால் போகாமல் உள்ளே வந்து, இடப்பக்க சீட்டில் இருப்பவரைத் தேடும். அன்று உன்னைத் தேடியது அதுதான்.

முதல் தடங்கல், மேனிபோல்டைப் பிடிக்கும் மரையாணி, ஸ்டட் என்பார்கள், அதில் ஒன்று எஞ்சினுக்குள்ளேயே முறிந்து கிடந்தது. பாஸ் அதன் தலையில் ஒரு நட்டை வெல்டு செய்து, சிவக்கச் சூடாக்கி, மெழுகுவர்த்தி கேட்டார். நம் வீட்டு மாதா சுரூபத்தின் முன்னாலிருந்ததையே எடுத்துப் போனேன். சூட்டில் உருகிய மெழுகு மரைக்குள் இறங்கியது. ஸ்டட் கை வைத்ததும் சுழன்று வந்தது. “உங்க மெழுகுவர்த்தி நல்லது சேர். எங்க விகாரைல குடுக்கிறது சீக்கிரம் கரிஞ்சிடும்” என்றார். மதங்களுக்கிடையிலான நல்லிணக்கம் பற்றி நான் வேலை பார்த்த நூலகத்தில் இருந்த பதினான்கு புத்தகங்களையும் படித்திருக்கிறேன். எதிலும் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை.

நான் ஒரு குழாய் சிவப்புப் பேஸ்ட் வாங்கிப் போயிருந்தேன். எந்த இடைவெளியையும் அடைக்கும் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. பாஸ் அதை மரியாதையாக வாங்கி, புத்தர் படத்துக்குப் பக்கத்தில் தட்டில் வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. “அராவத் தெரியாதவன் பேஸ்ட் பூசுவான் சேர். பூசினா ரெண்டு வாரம் பளபளன்னு இருக்கும், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. அப்புறம் சுயரூபம் தெரியும்” என்றார். நான் உன்னைக் கட்டிய வருடத்தை அவர் அறிய வாய்ப்பில்லை.

பிறகு முத்திரை மை கேட்டார். முப்பத்தொரு வருடம் நூலகப் புத்தகங்களில் குத்திய என் ஊதா மைத்தட்டைக் கொடுத்தேன். ஒரு கண்ணாடிப் பலகையில் மெல்லியதாக மையைத் தடவி, மேனிபோல்டை அதன் மேல் அழுத்தி எடுத்தார். மேடான இடத்தில் மட்டும் ஊதா ஒட்டியது. அந்த ஊதாவை அரத்தால் அராவினார். மறுபடி அழுத்தினார், மறுபடி அராவினார். நான்கு வாய்களின் விளிம்பும் ஒரே சீராக ஊதாவாகும் வரை நான்கு நாள். என் வாழ்நாளில் அந்த மைக்கு அவ்வளவு ஒழுங்கான வேலை நான் கொடுத்ததில்லை.

எஞ்சினுக்கும் மேனிபோல்டுக்கும் நடுவே வைக்கும் காஸ்கட்டை அவர் கத்தரிக்கோலால் வெட்டவில்லை. தகட்டை மேனிபோல்டின் முகத்தில் விரித்து, சின்னச் சுத்தியலால் விளிம்போடு தட்டிக்கொண்டே போனார். தட்டத் தட்ட வாயின் வடிவம் தானாக அறுந்து விழுந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று சுற்றாக நட்டுகளை முறுக்கி, நல்ல நேரம் பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எஞ்சினைக் கிளப்பினார். பூனை போலச் சத்தம்.

இருபது நிமிடம் ஓடி இரும்பு கொதித்துக்கொண்டிருந்தபோது ரெஜினோல்ட் வந்தான். தலவில புனித அன்னம்மாள் கோயிலிலிருந்து இரண்டு லீட்டர் சோடா போத்தல் நிறைய மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்திருந்தான். சுவாமியார் என்றால் மூன்று துளி தெளிப்பார். அடுத்தவன் பொருளுக்கு நல்லது செய்யும்போது ரெஜினோல்ட் கணக்குப் பார்ப்பதில்லை. “அக்கா ஏறப்போற வண்டி மச்சான்!” என்று சொல்லியபடி, முழுப் போத்தலையும் மேனிபோல்டின் மேல் கவிழ்த்தான். நீராவி கூரை வரை எழுந்தது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். பாஸ் எஞ்சினை நிறுத்தினார். இரண்டாவது வாய்க்கும் மூன்றாவது வாய்க்கும் நடுவே மயிரிழை போல ஒரு விரிசல்.

அவனுக்கு நல்ல எண்ணம்தான். தன் வேனுக்கு வேலை வர வேண்டுமென்று நினைத்துச் செய்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பாஸ் அவனைத் தம்பி என்று சிங்களத்தில் அழைத்துச் சொன்னது இவ்வளவுதான்: “மல்லி, தண்ணி மேல எனக்குக் கோபமில்ல. கொதிக்கிற இரும்புக்கு அது எந்தக் கோயில் தண்ணின்னு தெரியாது.” ரெஜினோல்ட் சிலுவை போட்டுக்கொண்டான்.

அன்று எனக்கு மனம் விட்டுப்போனது. டிசம்பருக்குள் ஆகாது, ரெஜினோல்டின் வேனையே கேட்கிறேன் என்றுகூட உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் போடவில்லை. ஏனென்றால் மறுநாள் காலை போனபோது பாஸ் மேனிபோல்டைக் கழற்றி, விரிசலின் இரு முனையிலும் அது மேலே ஓடாதபடி கடுகளவு துளை போட்டிருந்தார். தேங்காய்ச் சிரட்டைக் கரியில் அதைச் சூடாக்கி, வெல்டு செய்து, உடனே ஆறவிடாமல் சிரட்டைச் சாம்பலுக்குள் புதைத்தார். “இப்ப அவசரப்பட்டா மறுபடி வெடிக்கும். அதுவா ஆறட்டும்.” இரண்டு நாள் கழித்துத் தோண்டி எடுத்தார். சூட்டில் முகம் மறுபடி கோணியிருந்தது. ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. “சேர், அந்த மைத்தட்டு இருக்கா?” என்றார்.

மறுபடி நான்கு நாள். மறுபடி புதுக் காஸ்கட். எஞ்சின் கிளம்பியதும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, இணைப்பின் ஓரமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்தினார். எங்கேயாவது கசிந்தால் ஊதுபத்திப் புகை விலகும். நான்கு வாயிலும் அது நேராக மேலே போனது. முன்பு முறுக்கியதை இரும்பு ஆறியபின் இன்னொரு முறை முறுக்கினார். போத்தலோடு எவனும் வராமல் வாசலில் நான் காவல் நின்றேன்.

பிறகுதான் என் சோதனை. கொச்சிக்கடையில் நீ சீட்டிலேயே விட்டுப்போன கைக்குட்டை என்னிடம் இருந்தது. அதைத் துவைத்து, உன் கால் வைக்கும் இடத்தில் விரித்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சிலாபம் வரை போய் வந்தேன். உன் சீட்டில் பாஸ் உட்கார்ந்து வழியெல்லாம் முகர்ந்துகொண்டே வந்தார். திரும்பியதும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்து என்னிடம் நீட்டினார். “நோனாவோட மூக்குக்காகத்தான் சேர் இவ்வளவும் செஞ்சேன். எஞ்சினுக்கு என்ன, அது எப்படியும் ஓடும்.” உன்னைத்தான் நோனா என்கிறார். அவர் உன்னைப் பார்த்ததே இல்லை. நான் அதிகம் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் கடைசியாக ஒருமுறை முறுக்க வேண்டும், அப்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இதுவரை நூறுகூட ஆகவில்லை. தனியாகப் போக எனக்கு இங்கே இடமில்லை.

இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி நீ வேலை செய்யும் வீட்டு அம்மா கேட்பதாகவும், மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. கைக்குட்டையை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். முதலில் அதை முகர்ந்து பார். பிறகு அவர்களுக்குப் பதில் சொல்.

பதினெட்டாம் தேதி நீ வேனில்தான் ஏறுவாய் என்றாலும் நான் வருவேன். முன்பு போலப் பின்னாலேயே வருவேன். இந்த முறை ஒருதடவை திரும்பிப் பார்.

புனித அன்னம்மாள் உன்னைக் காக்கட்டும், அளவாகத் தெளித்து.

உன்
லூடோவிக்